ஓரக்குறிப்பு

ஜனவரி. பகல் பதினோரு மணிக்குத்தான்
ஜன்னலில் நீலம் கரைகிறது.
பூடோ மருத்துவமனை, நான்காம் மாடி,
மறுபடியும் அதே வினாத்தாள்.

பூஜ்யத்திலிருந்து பத்துவரை வட்டமிடவும்.
ஆய்வுச் சான்றுகளைத் தேடி எடுப்பதில்
உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?
எடுத்ததைத் தரம் பிரிப்பதில்?
அதை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதில்?

செப்டம்பரில், பயிற்சிக்கு முன்னால்,
எல்லாவற்றுக்கும் ஒன்பது போட்டேன்.
இருபத்தாறு வருடம் பிறர் விரல்களைப் பிடித்து
கரண்டி, சீப்பு, பொத்தான், சாவி
எல்லாம் கைவந்தது என்றிருந்தேன்.
பத்து போடாதது அடக்கத்துக்காக.

பிறகுதான் ஐவிண்ட் வந்தான்.
சால்மன் படகின் இன்ஜின் அறையில் வேலை.
முப்பத்தொன்பது வயதில் பக்கவாதம்.
இடது கை மடியில் கிடந்தது
யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல.

பயிற்சியில் சொன்னபடி தேடினேன்.
நல்ல கையைக் கட்டிப்போட்டு
நலிந்த கையை வேலை வாங்கும் முறை.
படித்த ஆய்வுகள் பலவற்றில்
இருபது பேர்கூட இல்லை.
விரலைக் கொஞ்சமாவது நீட்ட முடிந்தவர்களையே
சேர்த்திருந்தார்கள்.
ஐவிண்டின் விரல் நீளவில்லை.

இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு
நல்ல கையில் அந்த உறையை மாட்டினேன்?
எண்ணி வைக்கவில்லை.

"சரியாகிவிடுமா?" என்றான்.
முன்பென்றால் தோளைத் தட்டியிருப்பேன்.
"உன்னைப் போன்றவர்களை வைத்து
யாரும் ஒழுங்காகப் பார்த்ததாகத் தெரியவில்லை.
ஆறு வாரம் வேறொன்று முயல்வோம்.
வெள்ளிதோறும் அளப்போம்.
நகராவிட்டால் நிறுத்திவிடுவோம்."

வெகுநேரம் பேசவில்லை அவன்.
"அழுத்தமானியில் முள் ஆடாமல் நின்றால்
நாங்கள் மானியைத்தான் சந்தேகிப்போம்" என்றான்.
பிறகு காபி கேட்டான்.
வலது கையால் குடித்தான்.

இன்று:
தேடுவதற்கு ஆறு.
தரம் பிரிக்க நான்கு.
விளக்கிச் சொல்ல...
எட்டு போட்டு, அழித்து, ஐந்து.

ட்ரொண்ட்ஹைமிலிருந்து இங்குன் கூப்பிட்டாள்.
ஆய்வு அவளுடையது.
"பயிற்சிக்குப் பிறகு உன் எண்கள் விழுந்திருக்கின்றன.
தாள் மாறிவிட்டதா?"
மாறவில்லை.
"அப்படியென்றால் பயிற்சி தோற்றதாக ஆகிவிடுமே."
ஆகாது என்றேன்.
"வரைபடத்தில் அதை எப்படிக் காட்டுவது?"
தெரியவில்லை என்றேன், அதையும்
எந்தத் தயக்கமும் இல்லாமல்.

மூன்றாம் வெள்ளி.
பெட்டியில் மரக்கட்டைகள், கையில் நிறுத்துகடிகாரம்.
ஒரு நிமிடத்தில் எத்தனை எடுத்தான் என்று எண்ண வேண்டும்.
எடுக்கவில்லை.
ஐம்பதாவது வினாடியில் ஒரு கட்டையைத்
தள்ளினான். நகத்தளவு.

தாளில் தள்ளியதற்குக் கட்டம் இல்லை.
எண்ணிக்கையில் பூஜ்யம் போட்டுவிட்டு
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.