நோக்கம்

நிஸ்தார் நானாவின் பாய்ப்படகுக்கு
இரண்டு மணித்தியாலம் பன்னிரண்டாயிரம்.
டீசல் இல்லையே, பிறகேன் இவ்வளவு என்றால்
"காத்து சும்மா கிடைக்கும், பாய் கிடைக்குமா தங்கச்சி?"

பத்துக்குப் பிறகு கச்சான் முரண்டு பிடிக்கும்.
ஆறரைக்கு இறங்குதுறையில் நிற்கவேண்டும்.
அதாவது ஐந்துக்கு எழும்பவேண்டும், அதாவது
மச்சாள் விஜிதா நாலரைக்கே தலைமுழுகத் தொடங்கவேண்டும்.

ஆறு பேர்தான் ஏறலாம். நாங்கள் ஏழு.
அத்தான் தானாகக் கழன்றார்,
சத்தி வரும் என்று, கட்டிலில் படுத்தபடியே.
இஞ்சித் தேத்தண்ணி ஒரு பிளாஸ்க்.
மாசிச் சம்பல் வைத்த பாண்.
நேவியின் மிதவைகளுக்கு அந்தப்பக்கம் போகக்கூடாது,
படமும் எடுக்கக்கூடாது.

ஆருக்கெல்லாம் நீந்தத் தெரியும், கேட்டார் நானா.
யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிற வீடு எங்களது.
ஒரு பெயரும் வாயில் வரவில்லை.
லைஃப் ஜாக்கெட் ஆறு என்று எழுதிக்கொண்டார்.

பிறகு அந்தப் படிவம்.
பெயர். அடையாள அட்டை இலக்கம்.
நோக்கம்.

இந்தச் சொல்லுக்கு நேரே
எத்தனை எழுதியிருக்கிறேன்.
பெரியம்மாவின் செத்தவீடு. சோதனை. ஆஸ்பத்திரி.
மூதூர் லோஞ்சுக்கு ஒருமுறை
மூன்றையும் சேர்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம், ஒரு முத்திரை,
வெயிலில் ஒரு வரிசை.

சும்மா, என்று எழுதினேன்.

நானா எட்டிப் பார்த்தார்.
"சுற்றுலா எண்டு போடுங்க."
பக்கத்தில் போட்டேன்.
மற்றதை வெட்டவில்லை.

முற்பணம் மூவாயிரம், ரசீது இல்லை.
காற்றே வராவிட்டால் என்ன செய்வது
என்று கேட்க
கேற் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.