குறிப்புப் பத்தி

ஜெபசெல்வி கேட்டது மழைக் கணக்கு.
என்னிடம் இருந்தது அறைக் கணக்கு.
பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து
இரண்டு பஸ் மாறி, குடை சொட்ட நின்றவளிடம்
"தண்ணி அளக்குறது நம்ம தொழில் இல்லம்மா,
சாவி குடுக்குறதுதான்" என்றேன்.

குற்றாலம், ஐந்தருவி ரோடு, இருபத்திரண்டு அறை.
இருபத்தேழு வருஷப் பேரேடு,
செவ்வட்டை, முதுகில் சாக்குத் தையல்.
பெயர், ஊர், ஆள், முன்பணம்;
ஓரத்தில் விரல் அகலத்துக்குக்
குறிப்பு என்றொரு பத்தி.
அவள் கண் அதில்தான் போய் நின்றது.

"அருவியில் தண்ணீர் இல்லை. பணம் வாபஸ்."
"வெள்ளம், தடை. சிவகாசி பார்ட்டி சண்டை. பாதி வாபஸ்."
"சாரல் மட்டும். குளிக்காமல்
பரோட்டா தின்றுவிட்டுப் போனார்கள்."
எல்லாம் என் கையெழுத்து.
எல்லாம் என் வயிற்றெரிச்சல்.

அவளுடைய மழைமானிக்குள்
நாலு வருஷம் குளவி குடியிருந்ததாம்.
"அந்த நாலு வருஷத்துக்கு
உங்க வாபஸ்தான் சார் எனக்கு வறட்சி."
சிரிப்பதா கோபப்படுவதா, தெரியவில்லை.

முதலாளி ஆவுடையப்பன் போனில் குதித்தார்:
"கணக்கு வெளிய போனா
வருமானவரிக்காரன் உள்ள வருவாம்வே!"
தொகைப் பத்தியை மட்டும்
பழைய காலண்டர் தாளால் மூடினேன்.
மற்றதைப் படம் பிடித்தாள்,
மூன்று நாள், பக்கம் பக்கமாக.

பேரேட்டில் இல்லாததையும் சொன்னேன்.
அறை எடுக்காதவர்கள்தான் கூட்டம்;
வேன் நிறுத்தும் குத்தகைக்காரனிடம்
ரசீதுக் கட்டைக் கேள்.
எண்ணெய் தேய்க்கும் இசக்கிப்பாண்டியிடம்
இந்த சீசனில் எத்தனை முதுகு என்று கேள்.
தண்ணீர் டீ நிறமாகிச் சருகு வந்தால்
போலீஸ் விசிலுக்கு முன்னால்
குரங்கு பாறையேறிவிடும்.
எழுதியவள் பேனாவைக் கடித்தாள்:
"குரங்குக்கு எப்படி சார் மேற்கோள் போடுறது?"

மறு ஆவணியில் அச்சான தாளோடு வந்தாள்.
அத்தனையும் இங்கிலீஷ்.
ஏறி இறங்கும் கோட்டில் ஒரு மேட்டைத் தொட்டு
"இதுதான் உங்க சிவகாசி பார்ட்டி" என்றாள்.
அடியில், பொடி எழுத்தில், நன்றி:
கோமதிநாயகம்.
ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

நான் சும்மா விடுவேனா?
நோய்க்குப் பயந்து ஊரடைத்த வருஷத்தின்
பேரேட்டை எடுத்து முன்னால் வைத்தேன்.
ஆனி, ஆடி, ஆவணி.
கோடு போட்ட வெறுந்தாள்.
"சங்கரன்கோவில்ல கதவடைச்சுக் கெடந்தேன்.
அருவி எப்படி விழுந்துச்சுன்னு பாக்கல.
அப்ப உன் மானி வேலை செஞ்சுதா?"

செய்திருந்தது.
மடிக்கணினியைத் திறந்து
நாள் நாளாக வாசித்தாள்.
"ஆடி ஒண்ணு. நாப்பத்தோரு மில்லிமீட்டர்."
"அது ரொம்பவா?"
"அன்னைக்கு உங்ககிட்ட ரூம் கெடைக்காது சார்."

பெயர் இல்லை, ஊர் இல்லை,
ஆள் இல்லை, முன்பணம் இல்லை.
ஓரத்துப் பத்தியில் மட்டும்
பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன்:
நல்ல தண்ணீர்.
நல்ல தண்ணீர்.
வெள்ளம்.
நல்ல தண்ணீர்.

ஆடி பதினெட்டோடு நிறுத்தவேண்டியதாயிற்று.
ஒன்பதாம் நம்பரில்
வெந்நீர் வரவில்லையாம்.