லிட்டருக்கு முப்பத்தெட்டு

தண்டையார்பேட்டை பங்க்கில் வாய்வரை நிரப்பி
டயரியில் எழுதி வைத்தேன்: 41,207.
அடுத்த முறை வாய்வரை நிரம்ப
நாலரை லிட்டர் கேட்டது.
ஓடியது நூற்று எழுபத்தொன்று.

முப்பத்தெட்டு.
சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற விக்டரை
சம்பள நாளில் லேட்டாக வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

துறைமுகத்திலிருந்து மணலி யார்டு,
அங்கிருந்து திருவொற்றியூர், மறுபடி துறைமுகம்,
டெலிவரி ஆர்டர்கள் சட்டைக்குள் வியர்க்க வியர்க்க.
கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய் தரும் சீதாபதி சார்
வண்டி குடிக்குதா நீ குடிக்கிறியா என்றார்.
நானும் சிரித்தேன்.
எர்ணாவூர் பாலம் ஏறும்போதுதான்
சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

ராத்திரியில் யாரோ உறிஞ்சுகிறார்கள்.
பெட்ரோல் குழாயின் கிளிப்பில்
குணசீலியின் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன், மெரூன்.
ஐந்து காலை குனிந்து பார்த்தேன். கோடு உடையவில்லை.
ஆறாம் நாள் கீழ்வீட்டுப் பையன்
"அண்ணா, வண்டிக்கு நகப்பூச்சா?" என்றான்.
அவனைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன்.

காலடிப்பேட்டை யோவேல் பிளக்கைக் கழற்றி
வெயிலில் திருப்பினான்.
கரி. ஈரமில்லாத கரி, விறகடுப்புச் சுவர்போல.
"ரிச்சா போவுதுபா."
எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குப் பொருந்துவது
இது ஒன்றுதான்.

ஏர் ஃபில்டரைத் தட்டினான்,
எண்ணூர்ச் சாம்பல் ஒரு கைப்பிடி.
சோக் கேபிள் உப்புக்காற்றில் துருப்பிடித்து,
கைப்பிடி மூடியிருந்தாலும்
உள்ளே அரைக்கதவு திறந்தே கிடந்திருக்கிறது,
எத்தனை மாதமோ.
ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினான்.
மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்குமாம்.
முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினான், இரண்டு சுற்றில் நின்றது.
"பிரேக்க புடிச்சினே ஓட்டினுகீற நீ."
அதையும் தளர்த்தினான்.
முந்நூற்று நாற்பது ரூபாய்.

மறுபடி வாய்வரை. மறுபடி டயரி.
நாற்பத்துநாலு.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
எல்லோரும் எஞ்சினை அணைத்தார்கள், கன்டெய்னர் லாரியைத் தவிர.
எண்ணிக்கொண்டே இருந்தேன், ஐம்பத்தெட்டு வேகன்.
பக்கத்தில் நூருல்லா, அதே ஆபீஸ், அதே கவர், புது வண்டி.
துறைமுகத்தில் சேர்ந்தே கிளம்பினோம்,
மணலி வரை சேர்ந்தே போனோம்.
யார்டு வாசலில் அவன் மீட்டரை எட்டிப் பார்த்தேன்:
பதினாலு கிலோமீட்டர்.
என்னுடையதில் ஒன்பது.

அப்போதுதான் நினைவு வந்தது,
மீட்டர் முள் சில நாளாக நடுங்கிக்கொண்டிருந்தது.
ரோடு மோசம் என்று விட்டிருந்தேன்.

யோவேல் முன்சக்கர மூடியைத் திறந்து
விரல்நுனியில் ஒன்றை எடுத்து வைத்தான்.
வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம்,
ஒரு பக்கம் பற்கள் மொழுமொழு.
சக்கரம் சுற்றும், இது பிடிக்கும், நழுவும், பிடிக்கும்.
நழுவியதெல்லாம் நான் போகாத தூரம்.

டீக்கடைப் பலகையில் டயரியை விரித்துக் கணக்குப் போட்டேன்.
நாற்பத்துநாலை ஒன்பதால் வகுத்துப் பதினாலால் பெருக்க
அறுபத்தெட்டு. வண்டிமேல் குற்றமில்லை.
பிறகு இன்னொரு கணக்கு:
ஒவ்வொரு மணலிக்கும் ஐந்து கிலோமீட்டர்,
ஒவ்வொன்றுக்கும் ஒன்றே முக்கால்,
எப்போதிலிருந்து?
பேனாவை மூடிவிட்டேன்.
குணசீலியிடம் அறுபத்தெட்டை மட்டும் சொன்னேன்.

புதுச் சக்கரம் எண்பத்தைந்து ரூபாய்.
முள் இப்போது நேராக நிற்கிறது.

மாதக் கடைசியில் என் தாளைப் பார்த்து
சீதாபதி சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"என்ன கோதண்டம், இந்த மாசம் மட்டும் எங்க சுத்தின?"
பையிலிருந்து அந்தப் பழைய பல்சக்கரத்தை எடுத்து
மேசைமேல் வைத்தேன்.

உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"யாரோட பட்டன் இது?"