மூன்று பேர் சர்க்கரை

விடியற்காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுகிறாள் சத்தியவாணி.
புதுப்பாளையத்துத் தண்ணீர், முதலில் துருதான் வரும்.
"கைய விடாத, தெளியட்டும்" என்று
பாத்ரூம் பக்கம் பார்த்துச் சொல்கிறாள்.
முன்பெல்லாம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொள்வாள்.
இப்போது பொத்துவதில்லை.
தண்ணீர் தெளிகிறது.

ஏழு ஐம்பதுக்கு ஸ்கூல் வேன்.
எங்கள் வாசலில் நிற்பதில்லை.
யாரும் கேட்டுக்கொள்ளாமலே டிரைவர் ஞானப்பிரகாசம்
அடுத்த தெரு முனைக்கு மாற்றிக்கொண்டார்.
எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டும்
பை குலுங்க அதுவரை ஓடுகின்றன.
ஹாரன் அங்கிருந்தும் கேட்கிறது.
அந்த நேரம் பார்த்து மிக்சி போடுவாள்,
சட்னி வைக்காத நாளிலும்.

நான் கண்டக்டர்.
கடலூர் பாண்டி லைனில் பதினோரு வருஷம்.
கேட்டு வாங்கி இப்போது விருத்தாசலம்.
டிப்போவில் காரணம் கேட்கவில்லை.
பாண்டி வண்டியில் தினம் ஒருத்தராவது கேட்பார்கள்,
"ஜிப்மர் போவுமா?"
போகாது, பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறணும்.
எந்த வண்டி, எந்த கேட்,
டீ எங்கே நன்றாக இருக்கும்,
ராத்திரி எந்தத் தூணோரம் படுத்தால்
செக்யூரிட்டி எழுப்பமாட்டான்
என்பதுவரை சொல்லத் தெரிந்தவன்
அந்த லைனில் நான் ஒருத்தன்தான்.

விருத்தாசலம் வண்டியிலும் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.
உயரம் பார்க்க ஒரு கோடு இருக்கிறது,
அதற்குக் கீழே என்றால் அரை டிக்கெட்.
தருணேஷ் குதிகாலைத் தூக்கி நிற்பான் அந்தக் கோட்டில்.
"எனக்கு முழுசா கிழிச்சுக் குடுப்பா."
ஏமாற்றி ஏறுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.
இரண்டு விரல் குறைந்தது அவனுக்கு.

ரேஷன் கார்டில் இன்னும் மூன்று பேர்.
பெயர் எடுக்கச் சான்றிதழ் ஜெராக்ஸ் போதும்,
பீரோவில் இருக்கிறது,
நான் தொடவில்லை, அவளும்.
மாதாமாதம் அவன் பங்கு அரைக்கிலோ சர்க்கரை வருகிறது.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியே கொட்டி,
எறும்பு வராமலிருக்க நாலு கிராம்பு போட்டு
மேல்தட்டில் வைக்கிறாள்.
ஐந்தாவது பாட்டில் பாதி ஆகிவிட்டது.
தப்பு என்று தெரியும்.
கடைக்காரம்மாவுக்கும் தெரியும்,
எடைபோடும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

சண்டை போடுகிறோம்.
குழாய் வாஷருக்கு,
ஃபேன் மூன்றிலா நாலிலா என்பதற்கு.
ஒருநாள் முன்னாலேயே கூட்டிப் போயிருந்தால்
என்பதைச் சொல்லிவிடாமல் இருக்க
எதைப் பற்றி வேண்டுமானாலும் கத்துகிறோம்.

நெய்வேலியில் ஏறிய பழைய சிநேகிதன்
பையன் என்ன படிக்கிறான் என்றான்.
அஞ்சாவது என்று சொல்லிவிட்டு
விசிலை ஊதினேன்.
வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன், திட்டுவாள் என்று.
வெங்காயம் நறுக்கிக்கொண்டே
"ஆறாவது" என்றாள்.

நேற்று சாயங்காலம்
மாநகராட்சிக்காரன் கொசுப்புகை அடித்துக்கொண்டு வந்தான்.
போன மழைக்குத் தெருவே கையெழுத்துப் போட்டுக் கேட்டும்
வராத மிஷின்.
எல்லா வீட்டிலும் படபடவென்று ஜன்னல் சாத்தினார்கள்.
இவள் கதவை முழுக்கத் திறந்துவைத்து
வாசலுக்கு நடுவே நின்றாள்.
வெள்ளையாக உள்ளே வந்தது.
சைக்கிள் மறைந்தது, காலண்டர் மறைந்தது,
அவளும் மறைந்தாள்.
இருமல் மட்டும் கேட்டது.
யார் இருமுகிறது என்று ஒரு கணம்
எனக்குக் குழம்பிவிட்டது.

புகை அடங்கியதும் டீ போட்டாள்.
சர்க்கரை தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க என்று
காலையில் சொன்னதை நான் மறந்திருந்தேன்.
ஒரு வாய் குடித்தேன்.
இனிப்பு. அடியில்
கிராம்பு வாசம்.

அவள் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா?"

டம்ளரை நீட்டினேன்.