எட்டுக் கிலோ

குன்னூரில் வீடு வாங்குகிறவர்கள்
முதலில் கணப்பைப் பழுது பார்க்கிறார்கள்,
பிறகு அதன் மேல் எதை வைப்பதென்று
தூக்கம் கெடுகிறார்கள்.
நாங்களும்தான்.
வீட்டுக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்
என்றார் பெர்னார்டு,
கறிக்குக் கொஞ்சம் உப்பு வேண்டும் என்பதுபோல.

மார்க்கெட்டுக்குக் கீழே யூனுஸ் பாயின் கிடங்கில்
நான்கு சனிக்கிழமைகள் தும்மினோம்.
கப்பல் சக்கரம் வேண்டாம்.
இந்த மலைக்கு எந்தக் கப்பல் வந்தது?
வாள் வேண்டாம். போன வருடம் பிறந்து
அமிலத்தில் குளித்து வயதானது அது.
கண்ணாடி விழி பதித்த கடமான் தலை
எந்தச் சுவரில் மாட்டினாலும்
என் சாப்பாட்டுத் தட்டையே பார்க்கும்.
ஒரு வரைபடம் எடுத்தேன்:
எங்கள் தெரு இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் பச்சை, ஓர் ஓடை,
ஓடைக்கு எவரோ தன் மனைவியின் பெயர்.

அப்புறம் இந்தத் தராசு.
வட்ட முகம், பீங்கான் வெள்ளை,
கொக்கி மட்டும் தேய்ந்து பளபளத்தது.
ஏதோ எஸ்டேட் ஏலத்தில் வந்ததாம்.
கணப்புக்கு மேலே இதுதான், என்றோம்
இருவரும் ஒரே மூச்சில்;
கல்யாணமாகி இது இரண்டாம் முறை.

பில்லின் பின்புறம் பாய் எழுதித் தந்தார்:
பித்தளைக்குப் புளி போடாதீங்க.
அந்தக் கறுப்புக்குத்தான் காசு வாங்கினேன்.
மாதம் ஒருமுறை மெழுகுத் துணி.
படச் சட்டத்துக்குப் பின்னால்
நாலு மூலைக்கும் தக்கை வைங்க,
சுவரின் ஈரம் காகிதத்தைத் தொடக்கூடாது.
அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு,
ஆனியில் போட்டால் ஐப்பசி வரை அணைக்காதீங்க.

சுவரைத் துளையிட வந்த ஜெயசீலன்
ஏணியில் ஏறியவன் இறங்கிவிட்டான்.
"எடைக் கொட்டகை முள்ளா மேடம் இது?"
சமையலறையைக் கேட்டான்.
பிரிக்காத பத்துக் கிலோ அரிசி மூட்டையைக்
கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடித்தான்.
முள் ஆடியது, யோசித்தது,
எட்டில் நின்றது.

"பனி ஈரத்துக்கு ரெண்டு கிலோ,
கூடைக்கு ஒண்ணு, அதெல்லாம் நோட்டுல இருக்கும்.
இந்த ரெண்டு நோட்டுலயே வராது."
சொல்லிவிட்டுத் துளை போட்டான்.
செங்கல் தூள் என் புதுக் கம்பளத்தில் விழுந்தது.
அவன் அம்மா தவமணி
அந்த மலைச்சரிவில் இருபத்தாறு வருடம்
இலை பறித்தவர் என்பதை
காசை எண்ணும்போதுதான் சொன்னான்.

ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம், நானூறு ரூபாய்,
சரியாகக் காட்டும் என்றார் யூனுஸ் பாய்.
வேண்டாம் என்றேன்.
ஏம்மா?
பித்தளையையே தேய்க்கக்கூடாது என்று
எழுதித் தந்தது நீங்கள்தானே.

இப்போது கணப்புக்கு மேலே
சாக்கில் கட்டிய பத்துக் கிலோ கல்லுப்புடன்
தொங்குகிறது அது.
(முதலில் சர்க்கரை தொங்கியது.
எறும்புகள் வரிசையாக வந்து
வரலாறு படித்தன.)
பெர்னார்டுக்குப் பிடிக்கவில்லை.
விருந்தினர் வந்தால் வரைபடத்தையே காட்டுகிறார்,
ஓடையின் பெயரை இரண்டுமுறை உச்சரிக்கிறார்.
மெழுகுத் துணியை மட்டும்
மாதம் தவறாமல் அவர்தான் எடுக்கிறார்.

ஆடி பிறந்ததும்
மூடுபனி ஜன்னல் இடுக்கில் நுழைந்தது.
துணி காயவில்லை, அப்பளம் துவண்டது,
நாற்காலிக் காலில் பூஞ்சை.
சாக்கு ஈரமாகி,
ஒரு காலை பார்த்தால்
முள் எட்டைத் தாண்டி ஒரு கோடு.
எங்கள் உப்பு
பனி குடித்துக் கனத்திருந்தது.

ஃபியூஸ் பார்க்க வந்த ஜெயசீலன்
கழுத்தை அண்ணாந்து நின்றான்,
போனில் ஒரு படம் எடுத்தான், அனுப்பினான்.
ஃபியூஸைப் போட்டு முடிப்பதற்குள்
பதில் வந்தது, குரலாக.
எங்கள் வரவேற்பறையில்
அந்தம்மாள் சத்தமாகக் கேட்டார்:

"சாக்குக்கு எவ்வளவு கழிச்சாங்களாம்?"