உரியவர் தெரியவில்லை

ரீகாவில், நான்காம் மாடியில்,
ஊர்பேர் தெரியாத பாட்டுகளுக்கு
ஆள் தேடுவது என் வேலை.

வானொலிகள் பட்டியல் அனுப்பும்,
கடைகள் அனுப்பும், கப்பல்கள் அனுப்பும்:
எது, எப்போது, எத்தனை நிமிடம்.
ஒரு தடவை ஒலித்தால் ஒரு இம்மி.
இம்மிகள் சேர்ந்து சென்ட் ஆகும்,
சென்ட் சேர்ந்து சிலருக்கு வாடகை,
பலருக்கு ஒரு செட் கிதார் தந்தி.

பெயர் இருந்தால் பணம் வீடு போய்ச் சேரும்.
இல்லாவிட்டால் மூன்று வருடம்
எங்கள் கணக்கில் படுத்துக் கிடக்கும்.
அதன் பிறகு எல்லோருக்கும் பங்கு,
அதாவது, ஏற்கெனவே அதிகம் வாங்குகிறவருக்கு
இன்னும் அதிகம்.
"விகிதாசாரம்" என்பார் வால்திஸ்,
மீன் சாண்ட்விச்சைக் கடித்தபடி.

ட்ராக் 4.
தலைப்பு அவ்வளவுதான்.
பாடியவர்: கோடு. எழுதியவர்: கோடு.
லீபாயாவில் ஒரு காலணிக் கடை அதை
இரண்டு குளிர்காலம் ஓடவிட்டிருக்கிறது.
ஸ்டாக்ஹோம் கப்பலில், மதுக்கூடம் மூடும் நேரத்தில்.
டௌகவ்பில்ஸில் ஒரு வானொலி,
செவ்வாய்தோறும், விடிகாலை இரண்டு பத்துக்கு;
அங்கே யாரோ பிடிவாதக்காரர்.
மொத்தம் தொண்ணூற்றாறு யூரோ நாற்பது சென்ட்.
கெடு வெள்ளிக்கிழமை.

இந்தத் தொகைக்கு யாரும் மெனக்கெடுவதில்லை.
நான் ஏன் என்று கேட்காதீர்கள்.
பாட்டு நன்றாகக்கூட இல்லை,
முதல் சரணம் இழுவை.
ஆனால் இரண்டு நிமிடம் பதினேழாவது நொடியில்
அந்த ஆள் மூச்சு வாங்கும் இடைவெளியில்
பின்னால் ஒரு கிறீச்.
அந்தக் கிறீச்சை எனக்குத் தெரியும்.
தினமும் காலை அதில்தான் என் காபி சிந்தும்:
பதினோராம் எண் டிராம்
பேக்கரி முனையில் திரும்பும் இடம்.

வியாழன் மாலை போனேன். பனி சேறாகியிருந்தது.
மரவீடு. ஆறு அழைப்புமணி, மூன்றில் பெயர் இல்லை.
முதல் கதவில் நாய்.
இரண்டாவதில், தலையில் துண்டோடு ஒரு பெண்,
நான் வாய் திறக்கும் முன்பே "வேண்டாம்" என்றாள்.
மூன்றாவதைத் திறந்தவர் கையெல்லாம் கிரீஸ்.
லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவராம்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
வாசலில் நின்று பாடிக் காட்டினேன், என் குரலில்.

"இரண்டாவது வரியில் சுருதி போச்சு" என்றார்
இங்குஸ் ஸ்திர்னா.

பதிவு செய்யவில்லையா என்றேன்.
படிவம் பதினொரு பக்கம் என்றார்.
ஒரு நண்பன் கேட்டான், அனுப்பினேன்,
கோப்புக்குப் பெயர் வைக்க மறந்துபோச்சு.
தொகையைச் சொன்னேன். தலையாட்டினார்,
நாளை மழை என்று யாரோ சொன்னதுபோல.
யாரெல்லாம் போட்டார்கள் என்றார்.
பட்டியலை வாசித்தேன். காலணிக் கடைக்குச் சிரித்தார்.
கப்பலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
செவ்வாய், இரண்டு பத்து என்றதும்
துணியில் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்,
கை சுத்தமான பிறகும்.

"டௌகவ்பில்ஸிலா?"
"டௌகவ்பில்ஸில்."

படிவத்தை மேசையில் விரித்தேன்.
ஒன்பதாம் பக்கம்: பங்கு, சதவீதத்தில்.
ஐம்பது என்று எழுதினார்.
அடுத்த கட்டத்தில், மெதுவாக, அழுத்தி,
ஸ்காய்த்ரா ஓஸோலா. ஐம்பது.
"சொல் அவளுடையது.
நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்,
மெட்டை விட்டுவிட்டு."
இப்போது எங்கே இருக்கிறார்கள்?
"இரவு வேலை" என்றார். "ஏதோ ஒரு வானொலியில்."

பங்குக்குக் கட்டம் இருக்கிறது படிவத்தில்,
பங்காளிப் பகைக்கு இல்லை.

அலுவலகச் செலவு பதினைந்து சதவீதம் போக
ஆளுக்கு நாற்பது யூரோ தொண்ணூற்றேழு.
அவளுக்கான கடிதத்தை நானே உறையிலிட்டேன்.
பங்குதாரர் பெயர் அதில் அச்சாகியிருக்கும்;
அது விதி, நான் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு மூன்று செவ்வாய்கள்
டௌகவ்பில்ஸ் பட்டியலில் அந்தப் பாட்டு இல்லை.
நான்காவது வாரம் வந்தது.
ட்ராக் 4 இருந்த இடத்தில் ஒரு தலைப்பு,
எழுதியவர்கள் இருவர், அவர் பெயர் முதலில்.
நேரம்: மாலை ஏழு ஐந்து.

மாலை நேரத்துக்கு
விகிதம் கொஞ்சம் அதிகம்.