இடதுபக்க ஜன்னல்

திருச்சியிலிருந்து கோலாலம்பூர்
ஆகாயக் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நாலு மணி நேரம்.
ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன்
விமானத்தில் ஒருமுறையும் ஏறாத வாயால்.

கூத்தாநல்லூரிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு நேரம் என்று
யாரும் கேட்பதில்லை.
கேட்டால் பதில்
நீடாமங்கலம் ரயில்வே கேட்டிடம் இருக்கிறது.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி
எஞ்சினை முன்னிருந்து பின்னுக்கு மாற்றி முடிப்பதற்குள்
வெள்ளரிப் பிஞ்சுக்காரிக்குக் கூடை காலி.
அதற்குள் ஒரு விமானம்
கோடியக்கரையைத் தாண்டி நடுக்கடலுக்குப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு.
வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால்
நம் ஊருக்குக் கொஞ்சம் தெற்கே,
முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டிப் போகிறது.
அதாவது
கிழக்கே போகிறவன் மூன்று மணி நேரம் மேற்கே போய்,
பெட்டியை எடை போட்டு, பெல்ட்டைக் கழற்றி, மாட்டி,
கால் மணி நேரத்தில்
தன் வீட்டு மொட்டைமாடியைத் தாண்டுகிறான்.

இதை நான் சொல்லிக் கேட்டதிலிருந்து
சித்தி ஜுனைதா நஜ்முதீனுக்கு
இடதுபக்க ஜன்னல்தான் போடச் சொல்வாள்.
"காசு கூடன்னாலும் பரவால்ல."
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நாற்பது நாள் லீவு முடிந்து
அவன் போகிற நள்ளிரவில்
மாடியில் நின்று டார்ச்சை
அணைப்பாள், அடிப்பாள், அணைப்பாள்.
இருபதாயிரம் அடி உயரத்துக்கு
இரண்டு பேட்டரி வெளிச்சம்.
தெரிந்தது என்று அவன் சொன்னானாம்
ஏழு தடவையும்.
அதில் ஒரு தடவை புயல் மழை.

டிக்கெட்டைப் பார்த்து
ஆறரை மணி நேரமா என்று பதறுகிறவர்களுக்கு விளக்குவேன்:
அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால்.
போகும்போது பிடித்துக்கொள்வான்,
வரும்போது திருப்பித் தந்துவிடுவான்.
"வராமலே போனவனுக்கு?" என்றார்
பொதக்குடி மீராசா ஒருநாள்.
ரசீது கிழித்துக்கொண்டிருந்தேன்.
ஓரம் கோணலாகக் கிழிந்தது.

போன திங்கட்கிழமை ஜுனைதா வந்தாள்.
இந்த முறை அவளுடைய பாஸ்போர்ட்,
ஒரு முத்திரையும் விழாதது, பசை வாசனையோடு.
பையன் சென்னையில் ஹாஸ்டலில்.
வீட்டுச் சாவியை உங்கள் ட்ராயரில் போடலாமா என்றாள்.
"இடதுபக்க ஜன்னல்தானே?"
"வேணாம். நடைபாதை ஓரம் போடுங்க.
கீழ டார்ச் அடிக்க யாரு இருக்கா?"

பதினாலு ஏ போட்டேன்.
கூடுதல் நானூற்றைம்பது ரூபாய் பில்லில் ஏறவில்லை.
கவனித்தாளா தெரியாது.

பன்னிரண்டு ஐம்பது.
கடை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
செல்போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ்.
தெற்கே ஒரு சத்தம்.
அதுதானா, இல்லை சிங்கப்பூர் விமானமா?
அணைத்து, அடித்து, அணைத்து.
பின்னால் வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்தவன்
"யாருய்யா அங்க?" என்று கத்துகிறான்.

அங்கே இந்நேரம் மூன்று இருபது.
நஜ்முதீன் தூங்கியிருக்க மாட்டான்.
ஒரே சட்டைக்கு இரண்டாவது முறை
இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான்.